ஊவாத் தோட்டங்களில் கூடிச் செய்த பணிகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

எமது பாடசாலையிலிருந்து வைத்தியத் துறைக்குச் சென்ற எங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. கிளினிக்கில் வரிசையில் காத்திருந்து வரும் தோட்டத்து அம்மா ஒருவர், சோதித்து முடிந்த பின்னும் எழுந்து போகாமல் எம் முகத்தை உற்றுப் பார்ப்பார். “டொக்டரம்மா, நீங்க பதுளையில படிச்ச புள்ளையா?” என்று கேட்பார். பாடசாலையின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். “எங்க பேத்தியும் அங்கதான் படிக்கிறா” என்பார். அதன் பிறகுதான் உண்மை வெளிவரும். போன மாதம் மருந்தெடுக்க வரவில்லை. கொடுத்த மாத்திரைகளில் எது காலைக்கு, எது இரவுக்கு என்பதும் தெரியவில்லை. பேத்தி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் உறையில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்லியிருக்கிறாள்.

வைத்தியம் செய்தவர்கள் நாங்கள். அந்த வைத்தியம் லயத்துக் காம்பராவுக்குள் போய்ச் சேர்ந்தது அந்தப் பேத்தியால்.

நூற்றாண்டு மலரில் அதிபர்களின் வரிசையையும் கட்டடங்கள் எழுந்த கதையையும் எழுத எம்மிலும் மூத்த சகோதரிகள் இருக்கிறார்கள். நாம் எழுத விரும்புவது வேறொரு வரலாறு. எமது வகுப்பறை யன்னல்களிலிருந்து நாம் பார்த்து வளர்ந்த மலைகளில், பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை, கொஸ்லந்தை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வாழ்ந்த மக்களைச் சென்றடைய யார் யார் முயன்றார்கள், எப்போது அது கைகூடியது, எப்போது கைகூடவில்லை என்பதே அது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ 150,000 பேர் இந்திய வம்சாவளித் தமிழர்கள், அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழிகள் பலர் அவர்களது பிள்ளைகள். எம்மில் பலர் அவர்களேதாம்.

தனிமை எப்படி உருவானது?

தோட்ட மக்கள் ஒதுங்கி வாழ்பவர்கள் என்று நகரத்தில் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். வரலாற்றைப் பார்த்தால் அவர்கள் ஒதுங்கவில்லை, ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்பது விளங்கும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதன் பின் தேயிலை மலைகளை மூடியது. 1886இல் ஊவா தனி மாகாணமானபோது இம்மலைகளில் தோட்ட வாழ்க்கை ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. 1924 ஏப்ரலில் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குப் போவது இலகுவாயிற்று. ஆனால் தேயிலையைப் பறித்தவர்களின் நடமாட்டம் அதுபோல் இலகுவாகவில்லை. தொழிலாளி ஒருவர் தோட்டம் மாறுவதென்றால் அவரது கடனைக் குறிக்கும் ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும் என்ற முறை 1921 வரை நடைமுறையில் இருந்தது.

தோட்டத்துக்குள் எல்லாமே இருந்தன. டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா, கடை, கோயில், ஒரே அறையில் ஒரு பள்ளிக்கூடம். 1872 முதல் 1912 வரை இயற்றப்பட்ட மருத்துவத் தேவைச் சட்டங்கள் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தன. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதையும் துரையின் கடமையாக்கியது. இவை அக்காலத்தில் முன்னேற்றங்களே. மறுபக்கத்தில், அரசாங்கத்தின் வைத்தியரும் ஆசிரியரும் தபால்காரரும் தோட்ட வாசலோடு நின்றுவிடுவதற்கு இவையே காரணமாயின. கடிதங்கள் லயத்துக்கு வராமல் தோட்டக் கந்தோருக்கு வந்தன. 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. அருகிலுள்ள கிராமத்தின் பாதை, கிணறு, சந்தை பற்றிய தீர்மானங்களில் அவர்களுக்குக் குரல் இல்லாமல் போயிற்று.

முதல் கூட்டுகள்

ஒதுக்கப்பட்ட மக்கள் முதலில் தமக்குள்ளேயே கூடினார்கள். தோட்டத்தின் மரணாதார சங்கம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால், ஒருவர் இறந்தபின் பெட்டிக்கும் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் குடும்பம் கையேந்த வேண்டியதில்லை. கோயில் கமிட்டி, மாதர் சங்கம், சீட்டு என்பனவும் அப்படியே. எந்தச் சட்டமும் இவற்றைப் படைக்கவில்லை. யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பதை இன்றும் முதலில் அறிபவர்கள் இவர்களே.

வெளியிலிருந்து வந்த கரங்களில் கோ. நடேசய்யரும் அவரது துணைவியார் மீனாட்சியம்மாளும் முக்கியமானவர்கள். 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் சென்று கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத பெண்களுக்கு உரிமையைப் பாட்டில் வைத்துச் சொன்ன அந்த அம்மையாரை எமது மாணவியர் அறிந்திருக்க வேண்டும். 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது.

எமது பதுளைக்கே உரிய நிகழ்வு 1940இல் நடந்தது. நகரத்துக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தோடு இணைந்து, தாமே தேர்ந்தெடுத்த குழு ஒன்றை அமைத்தனர். துரை அக்குழுவோடு கலந்து செயற்பட இணங்கினார். அது நீடிக்கவில்லை. பொலிஸ் பலத்தால் போராட்டம் அடக்கப்பட்டது. எனினும் நகரத்துச் சிங்கள, தமிழ் இளைஞர்களும் லயத்து மக்களும் ஒரே பக்கத்தில் நின்ற காலம் அது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளைத் தொகுதி ஒன்று. எஸ். எம். சுப்பையா அதன் உறுப்பினரானார்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாயின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எமது மூத்த சகோதரிகள் பதுளைப் புகையிரத நிலையத்தில் தோழிகளை வழியனுப்பிய கதைகளை எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். தலைமன்னாருக்குப் புறப்படும் அந்த வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அன்று போன சகோதரிகளில் சிலர் இன்று நீலகிரியிலோ திருச்சியிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கக்கூடும். இம்மலர் அவர்கள் கைக்கும் எட்டட்டும்.

மொழியையும் சமயத்தையும் கடந்து

1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினிக் காலத்தில், தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த அதே வேளையில், மலையகமெங்கும் மக்கள் உணவின்றி வாடினர். அக்காலத்தில்தான் ஊவாவில் ஒரு புதிய மாற்றத்தைக் காண்கிறோம். கண்டி மறைமாவட்ட ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்குத் தாமாக விரும்பி வந்தார். வசதிகள் நிறைந்த இடத்தை விட்டு, வறிய கிராமங்களும் தோட்டங்களும் நிறைந்த இடத்துக்கு வந்த சிங்களப் பெரியார் அவர். பண்டாரவளையில் அவர் ஆரம்பித்த ‘சேவக செவன’ என்ற குருமடத்தில், குருக்களாக வர விரும்பிய இளைஞர்கள் மக்களோடு வாழ்ந்து, அவர்களது மொழியையும் வேலையையும் கற்றார்கள். 1982இல் காலமாகும்வரை அவர் இங்கேயே பணிசெய்தார்.

கண்டியில் அதே காலத்தில், 1972இல், அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் சத்தியோதயத்தை நிறுவினார். தனித்தனியாகப் பணிபுரிந்த குழுக்கள் ஒன்றையொன்று அறிந்து செயற்படுவதற்காக 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. அப்பெயரில் உள்ள ‘இணைப்பு’ என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். உணவு கொடுப்பவர், சட்டம் அறிந்தவர், தொழிற்சங்கத்தார், வைத்தியர், ஆய்வாளர் எல்லோரும் ஏற்கெனவே இருந்தார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இருந்ததே குறை.

இணைந்தால் எவ்வளவு விரைவாக வேலை நடக்கும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். பல தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின் பயனாக, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. மற்றது 2003. நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. சட்டம் இருந்தாலும் விண்ணப்பம் நிரப்புவது யார்? ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகவரகமும் அரசாங்கமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் சேர்ந்து, பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டு நடமாடும் முகாம்களை நடத்தின. 10 நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் குடியுரிமை பெற்றனர். 55 ஆண்டுகளாக அவிழாத முடிச்சு அது.

மீரியபெத்தை சொன்ன பாடம்

இனி எழுதுவது மனத்துக்கு வருத்தமானது. ஆயினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் செய்திகள் வந்தன. பிறகு அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்தது. ஒரு லயத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதைச் சட்டென்று சொல்ல வெளியுலகத்திடம் சரியான பதிவு இருக்கவில்லை என்பதையே அது காட்டியது.

அந்த மலை சரியக்கூடியது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடிதமாக இருந்தது. அக்கடிதத்தை வாழ்விடமாக மாற்றுவதற்கு, நிலத்துக்குப் பொறுப்பானவர்கள், வீடு கட்டவேண்டியவர்கள், பிரதேச நிர்வாகம், தொழிற்சங்கங்கள், மக்கள் என்று பலர் ஒரே மேசையில் அமர வேண்டியிருந்தது. 9 ஆண்டுகளில் அது நடக்கவில்லை. “போங்கன்னு சொன்னாங்க, எங்க போறதுன்னு சொல்லலையே” என்று முகாமில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார். அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை.

சரிவுக்குப் பிறகு நாடே திரண்டது. கோயில்களும் விகாரைகளும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் உணவு அனுப்பின. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் லொறிகள் வந்தன. கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகள் முகாம்களாயின. நாமும் போனோம். அங்கே கண்டதை மறைக்காமல் சொல்கிறோம். ஒரு மூலையில் சேலைகள் மலையாகக் குவிந்திருந்தன. நீரிழிவு நோயாளிக்குரிய மருந்து இல்லை. பிஸ்கட் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பெண்கள் மறைவாகக் குளிக்க இடமில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு வாரங்களே இருந்தன. பிள்ளைகளிடம் ஒரு கொப்பிகூட இல்லை. அன்பு நிறைய வந்திருந்தது. யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுத ஆள் இருக்கவில்லை. மூன்றாம், நான்காம் நாள்களில் தோட்டத்து இளைஞர் சிலரும் ஆசிரியர்களும் குடும்ப நல உத்தியோகத்தரும் சேர்ந்து குடும்பம் குடும்பமாக ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கொப்பி வந்த பிறகுதான் உதவி உரியவரைச் சேர்ந்தது. எமது சங்கத்தவர் சிலரும் அதைப் பார்த்தே கடந்த காலப் பரீட்சை வினாத்தாள்களையும் கணக்குப் புத்தகங்களையும் அனுப்பினார்கள்.

கமெராக்கள் சில வாரங்களில் போய்விட்டன. குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புகளுக்கு நடுவே நெடுங்காலம் வாழ்ந்தன. 2016 ஒக்டோபரில்தான் மகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இந்த இரண்டு ஆண்டுகளில் வந்து போனவர்களைவிட, மாதந்தோறும் தவறாமல் வந்த சிறு குழுக்களையே அம்மக்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள்.

இன்று தனித்திருப்பவர் யார்?

1937இல் மூடப்பட்ட ஒரு கதவு 2018இல்தான் திறந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தமது நிதியைச் செலவிட முடியாதபடி இருந்த சட்டம் அவ்வாண்டு திருத்தப்பட்டது. லயத்துப் பாதையும் தெருவிளக்கும் குடிநீரும் இனிச் சலுகையல்ல. சபையிடம் கேட்டுப் பெறக்கூடியவை. ஆனால் கேட்பதற்கு யாராவது எழுத வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், பதில் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

வைத்தியர்களாக நாம் இன்று காணும் தனிமை வேறு வகையானது. பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். மகள்மார் பலர் மத்திய கிழக்கில். நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா லயத்தில் தனியாக இருக்கிறார். பிரஷர், சீனி, கண்புரை, முழங்கால் வலி. கிளினிக்குக்கு வருவதென்றால் இறக்கத்தில் இரண்டு மைல் நடந்து பஸ் பிடிக்க வேண்டும். கூட்டிவர வேண்டிய மருமகளுக்கு அன்றைய ‘பேர்’ போய்விடும். ஆகவே அவர் வருவதில்லை. இறுதியில் பாரிசவாதத்தோடு வருகிறார்.

எந்த ஒரு நிறுவனமும் தனியே இதைத் தீர்க்க முடியாது. மருந்து வைத்தியசாலையிடம் இருக்கிறது. வீட்டுக்குச் செல்லும் கால்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் இருக்கின்றன. அவருக்கு அடையாளம் காட்டும் அறிவு மரணாதார சங்கத்திடமும் கோயில் கமிட்டியிடமும் இருக்கிறது. முதியோர் கொடுப்பனவுக்கு எழுதும் அதிகாரம் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கிறது. உறையில் எழுதியிருப்பதை வாசிக்கும் கண் எமது பாடசாலைப் பிள்ளையிடம் இருக்கிறது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது தோட்டத்துத் திருவிழாவைப் பார்த்த எவருக்கும் தெரியும். வடத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பிடிக்க, “இழு” என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவராக எமது சங்கம் இருக்க முடியும் என்று நாம் நம்புகிறோம். எம்மில் ஆசிரியைகள், தாதியர், சட்டத்தரணிகள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இலண்டனிலும் டொரொண்டோவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை பொதி கொடுத்துப் படம் எடுப்பதைவிட, ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுத்து அங்குள்ள சங்கத்தோடும் கமிட்டியோடும் சேர்ந்து மீரியபெத்தை முகாமில் எழுதியது போன்ற ஒரு கொப்பியை எழுதுவோம். தனியாக இருக்கும் முதியவர் யார், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை யார், மழைக்காலத்தில் விரிசல் காணும் லயம் எது? அக்கொப்பியை ஆண்டுதோறும் புதுப்பிப்போம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் அனுப்பும் பணத்துக்கு அப்போது ஒரு முகவரி கிடைக்கும்.

எம்மை இப்பாடசாலைக்கு அனுப்புவதற்காக விடியுமுன் பெரட்டுக்குப் போன அம்மாமார் பலர். அவர்கள் தந்த எழுத்தறிவை அவர்களது காம்பரா வரை கொண்டு போய்ச் சேர்ப்பது அடுத்த நூற்றாண்டின் முதல் வேலையாகட்டும்.